வழக்கமாக உள்ளே ஒட்டுகிற டைல்ஸ்

ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறவனை வீட்டுக்குள் விடக் கூடாது. ஜங்ஷனிலேயே மடக்கி அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். இரண்டு மூன்று சொல் தெரிந்தவனால் அவ்வளவு ஆபத்தில்லை. எதை எங்கே சொல்வது என்று கொஞ்சமாவது தயங்குவான். ஒற்றைச் சொல்காரன் தயங்க மாட்டான். பார்க்கிற இடத்திலெல்லாம் அதையே இறக்குவான்.

நான் கொண்டுவந்து இறக்கிய சொல், கான்செப்ட்.

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னை விட்டுவிட்டது. (நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். தப்பு இரண்டு பக்கமும் உண்டு.) அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். கொச்சியில் பெயிண்ட் டப்பா தூக்கினேன். பெங்களூரில் ஜிப்சம் சீலிங் போடுகிற ஆட்களோடு சேர்ந்து ஏணி பிடித்தேன். தங்குவது வேலை நடக்கிற கட்டடத்திலேயே. மழை நாளில் வேலை இருக்காது. வேலை இல்லாத நாளில் ஒரு வேளைச் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

பெங்களூரில் ஒரு கட்டடத்தில் நாலு மாதம் வேலை. கீழே யார் வேண்டுமானாலும் மாத வாடகைக்கு மேசை எடுத்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நடுவில் வகுப்பு நடத்த இடம். மேலே தங்குவதற்கு அறைகள். அதை அலங்காரம் செய்ய வந்தவர் கறுப்புச் சட்டை போட்ட ஒரு மனிதர். வந்ததும் வெறும் கூடத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இந்த இடத்தோட கான்செப்ட் என்ன?" என்று கேட்பார். கான்டிராக்டருக்கு வியர்த்துவிடும். பிறகு அவரே கண்ணைத் திறந்து, "காடு" என்பார். அவ்வளவுதான். மறுநாள் பச்சைக் கம்பளம் வரும். சீலிங்கிலிருந்து கொடி கொடியாகக் கயிறு தொங்கும். அந்தக் கயிற்றையெல்லாம் கட்டியது நான்.

ஏணி உச்சியில் நின்று கயிறு கட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எதையாவது தூக்கிக்கொண்டு இருந்தார்கள். கான்செப்ட் சொன்னவர் மட்டும் எதையும் தூக்கவில்லை. ஆறு வருடமாகத் தோளில் தழும்போடு இருந்த எனக்கு, நமக்கேற்ற வேலை எது என்று அப்போது புரிந்துவிட்டது. ஒரு கறுப்புச் சட்டை வாங்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கு ரயில் ஏறினேன்.

நான் வந்த நேரம் அக்காவுக்குக் கெட்ட நேரம்.

அக்கா பிலோமினா திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் ஒன்பது வருடமாக வார்டன். மாமா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. மகள் ஜெனி மாமாவோடு இருந்தாள், ஆறு வயது. அக்கா பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள். கிளம்புகிற நேரத்தில் ஜெனி அம்மாவின் ஒரு செருப்பை மட்டும் ஒளித்து வைத்துவிடுவாள். இரண்டையும் ஒளித்தால் அடி விழும் என்று தெரிந்து ஒன்றை மட்டும். அதைத் தேடித் தேடி அக்கா பஸ்ஸைக் கோட்டை விட்ட நாட்கள் உண்டு. வேண்டுமென்றே கோட்டை விட்டாளா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் சொத்துப் பிரித்ததில் மாமாவின் பங்குக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய குடோன் வந்தது. பீங்கான் பொம்மை அடுக்கி வைத்திருந்த இடம்; கீழே கூடம், மேலே வீடு. அக்கா ஒரே மூச்சில் முடிவு செய்தாள். மேலே பெண்பிள்ளைகளுக்கு விடுதி. கீழே அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கப் படிப்பகம். ஆணுக்கு ஒரு கூடம், பெண்ணுக்கு ஒரு கூடம், வாசல் தனித்தனி. பின்னறையில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு மேசையும் நெட்டும். திருச்சி விடுதியில் இரண்டு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் அவள் திரும்பாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை திறப்பு விழா. பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் அன்றைக்கு வந்து பார்ப்பார்கள். நாலைந்து பிள்ளைகளாவது சேர்ந்தால் அக்கா வீட்டில். யாரும் சேரவில்லை என்றால் ஞாயிறு சாயங்காலம் திருச்சி பஸ், மறுபடியும் ஒற்றைச் செருப்பு. கணக்கு வராத எனக்கே புரிகிற கணக்கு.

நான் போய்க் கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய் ஆரோக்கியம், தல சுத்துதா? சாப்டியா இல்லியா?" என்றாள் அக்கா.

"இந்த வூட்டோட கான்செப்ட் என்னாக்கா?"

"ஒழுவாம இருக்கறது."

"அது இல்லக்கா. ஒரு கருத்து. அதுலேர்ந்துதான் எல்லாமே வரணும். செவுரு, மேச, வெளக்கு எல்லாம். நம்ம ஊரு என்னா ஊரு?"

"வெய்யில் ஊரு."

"பீங்கான் ஊரு! புள்ளைங்க இங்க வரும்போது களிமண்ணா வருவாங்க. உக்காந்து படிச்சு, வெந்து, பீங்கானா வெளிய போவாங்க. எடத்துக்குப் பேரே களிமண்ணு. செவுரு பூரா மண் கலரு."

அக்கா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். (துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் அவள் நிஜமாகவே கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.)

"கலெக்டருக்குப் படிக்கிற புள்ளய, களிமண்ணுன்னு எழுதின வாசல்ல எந்த அப்பன்டா கொண்டாந்து வுடுவான்?"

சூளையில் ராத்திரி வேலை முடித்து வந்து மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா, பொதுவாக ஒன்றும் பேசாதவர், தலையைத் தூக்கிச் சொன்னார். "சூளையில வெச்சது எல்லாம் பீங்கானா வராது மாப்ள. பாதி வெடிச்சிரும். அதையும் போர்டுல எழுதுவியா?"

நான் விடவில்லை. "சரி, மண்ணு வேணாம். சுட்டு முடிஞ்சத வெச்சுப்போம். வெள்ள. வெள்ள வெளேர்னு பளபளன்னு."

வெள்ளை என்றதும் அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது. "வெள்ளைன்னா சுத்தமா இருக்கும். அழுக்கு பட்டா தெரியும். சரி, கீழயும் வாசலும் நீ பாத்துக்க. மேல மாத்திரம் வராத. பாத்ரூம் வேல ஓடுது, அது நான் பாத்துக்கறேன்."

"பாத்ரூமுக்கெல்லாம் கான்செப்ட் கெடையாதுக்கா," என்றேன் பெருந்தன்மையாக.

மாமா கம்பெனியில் சொல்லி, மெருகில் மயிர் மயிராக விரிசல் விட்டதால் கழித்துப்போட்ட வெள்ளை டைல்ஸ் வந்து இறங்கியது. வாசல் சுவர் முழுக்க, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, ஒட்டச் சொன்னேன். கொத்தனார் ஏழுமலை அண்ணன் ஒரு டைல்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் அவர் ஒட்டாத சுவர் கிடையாது.

"தம்பி, இது வழக்கமா நான் உள்ளாற ஒட்டறது."

"தெரியும்ணே. இது கான்செப்ட்டு."

"உள்ளாற ஒட்டறத வெளிய ஒட்டுனா, வெளியவே உள்ளாற மாதிரி தெரியுமே?"

"அதான்ணே வேணும்!"

(வெளியில் இருப்பதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று பெங்களூர்க்காரர் அடிக்கடி சொல்வார். நான் உள்ளே இருக்க வேண்டியதை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தேன்.)

அண்ணன் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். எதையோ சொல்ல வந்து, கூலி வாங்குகிறவன் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கலவையைக் குழைக்கப் போய்விட்டார். அந்த மனிதர் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

அதே கம்பெனியில் வாஷ்பேசின்களும் கழிவில் கிடந்தன. அடியில் விரிசல், தண்ணீர் நிற்காது, மண் நிற்கும். ஆறு வாஷ்பேசின்களை வாங்கிவந்து, டைல்ஸ் ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு வரிசையாகப் பதித்தேன். பூந்தொட்டிக்குப் பதிலாக. ஒவ்வொன்றிலும் ஒரு குரோட்டன்ஸ் செடி. செடிகள் திறப்பு விழா அன்று காலை நர்சரியிலிருந்து வந்துவிடும் என்று ஏற்பாடு.

வாசல்களுக்கு எழுத்து வேண்டாம், படம் போதும் என்பது பெங்களூர்ப் பாடம். கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற ஒரு அக்காவிடம் கொடுத்து, ஒரு டைல்ஸில் ஆண் முகமும் இன்னொன்றில் பெண் முகமும் எழுதி வாங்கினேன். ஆணுக்கு மீசையை அவர் தாராளமாக வைத்திருந்தார். பெண்ணுக்குப் பொட்டும் கொண்டையும். ஆளுக்கொரு வாசலில் பதித்தேன்.

அக்கா பெயர்ப்பலகைக்குச் சொல்லி வைத்திருந்தாள். நான் கடைக்குப் போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன். கட்டடமே பேச வேண்டும் என்று சொன்னேன். (பேசியது.)

இனி உள்ளே. படிக்கிறவர்களுக்குக் கவனம் சிதறக் கூடாது என்பதற்காகக் கூடத்தைப் பிளைவுட் தடுப்பு வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் ஒரு சூளை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து வேகலாம். அறைக்கு ஒரு நாற்காலி, ஒரு பலகை, ஒரு கதவு, கதவில் ஒரு கொக்கி, மேலே ஒரு எண். காற்றோட்டத்துக்காகக் கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். அதை நானாகவே யோசித்துச் செய்தேன் என்பதில் எனக்கு அப்போது தனிப் பெருமை.

இவ்வளவையும் வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிற உங்களுக்குத் தெரிந்தது, இரண்டு மாதம் அங்கேயே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை. கான்செப்ட் கண்ணை மறைக்கும்.

சனிக்கிழமை காலை. அக்கா விடியற்காலையிலேயே எழுந்து கட்டடம் முழுக்கப் பெனாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். (சுத்தம்.) இரண்டு வாசலுக்கும் நடுவில் மேசை போட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு மாமா உட்கார்ந்தார். எதிரே, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு. சந்தனமும் கற்கண்டும் வைத்த ஒரு தட்டு. செபம் சொல்லிக் கட்டடத்தை மந்திரிக்க, எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், இடம் தெரியாது, பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து விசாரித்துக்கொள்கிறேன் என்றார். செடி வரவில்லை. நர்சரிக்காரர் வந்துகொண்டே இருக்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஜூன் மாத வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

திட்டக்குடி பஸ் வந்த கொஞ்ச நேரத்தில் முதல் விருந்தாளி வந்தார். கையில் மஞ்சள் பை. எங்கள் கட்டடத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் வேலையைப் பார்த்து ஒரு மனிதன் முகம் அப்படி மலர்ந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்கய்யா, வாங்க!" என்று கும்பிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சந்தனத் தட்டில் ஒரு காசைப் போட்டார். "ஆம்பளைக்கு எந்தப் பக்கம்?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா கள்ளமில்லாமல் மீசை இருந்த பக்கம் கையைக் காட்டினார். உள்ளே ஒரு கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

"படிக்கணும்னு என்னா ஆர்வம் பாத்தியா மாமா," என்றேன்.

"யோவ்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னாயா இது, உள்ளாற நாற்காலி போட்டு வெச்சிருக்கீங்க!"

அதற்குள் அடுத்தவர் தட்டில் காசு போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நம் ஊரில் நாலு பேர் வரிசையாக நின்றால் ஐந்தாவது ஆள் காரணம் கேட்க மாட்டார், சேர்ந்துகொள்வார். பெண் முகம் எழுதிய வாசலிலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். என் ஆறு வாஷ்பேசின்களின் முன்னால் ஆறு பேர் நின்று குனிந்து எதையோ தேடினார்கள்.

"பைப்பு எங்கப்பா?"

"ஐயா, அது பூந்தொட்டி."

"தெறந்தே ஒரு நாளு ஆவல, அதுக்குள்ள பைப்ப கழட்டிக்கினு பூட்டானுங்க பாரு," என்று ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் வருத்தப்பட்டார்.

"ஐயா, கொஞ்சம் கேளுங்க. இது கழிப்பற இல்ல. இது ஒரு கான்செப்ட்டு."

"கான்செப்ட்ட அப்பறம் பாத்துக்கலாம்பா. தண்ணி வருதா?"

மாமா இரண்டு கையையும் விரித்துத் தடுத்துப் பார்த்தார். வெள்ளை வேட்டி சட்டையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் சில்லறைத் தகராறு என்றே நினைத்தார்கள். வரிசையில் கடைசியாக, வெள்ளை அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரணச் சட்டையில் ஒருவர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவான குரலில் கேட்டார்.

"தம்பி, இங்க புதுசா ஒரு பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல் மந்திரிக்கணும்னு வரச் சொன்னாங்க. எங்க இருக்குன்னு தெரியுமா?"

"சாமி, இதான் சாமி."

அவர் வாசலைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். வாஷ்பேசின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியா," என்றார். பிறகு, "சரி, அதுக்கு முன்னால எனக்கு ஒரு அவசரம். அது எங்க?" என்றார்.

அந்த நேரத்தில் உள்ளே நாலாம் எண் அறையின் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர், கண் மங்கலானவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வெளியே வந்தார். அவர் யாரிடமும் நாற்காலியைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. அறையைப் பற்றியும் சொல்லவில்லை. காரியம் முடிந்தவர் முகத்தோடு மாமாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஸ்டாண்டு பக்கம் போனார். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு அடியில் இருந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தோம். காற்றோட்டத்துக்காக விட்டது, வேறொன்றும் வெளியே வர வழியாயிற்று.

பெற்றோர்கள் அப்போதுதான் வந்தார்கள். திட்டக்குடி தாண்டி இருக்கிற மங்களூர் பக்கத்திலிருந்து ஐந்தாறு குடும்பம், ஒரே பஸ்ஸில். அப்பா, அம்மா, பெட்டியும் தலையணையுமாகப் பிள்ளைகள். தோளில் துண்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். தானியத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கிற கண். வரிசையைப் பார்த்தார்.

"பிலோமினா வார்டன் யாருங்க?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா, கடைசிப் படியில் நின்றாள். அவள் கூட்டத்தைப் பார்த்தது அப்போதுதான். இரண்டு மாதமாக மேலேயே கிடந்தவள், காலையில் கழுவும்போதுகூடத் தரையைத்தான் பார்த்தாளே தவிர, தெருவில் நின்று முழுதாகப் பார்த்ததே இல்லை. ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தாங்க," என்றாள்.

"ஏம்மா, போன்ல ஆஸ்டலுன்னுதானே சொன்னீங்க? கக்கூசு மாடியிலயா எம் பொண்ணு தங்கணும்?"

"இது கக்கூசு இல்லீங்க..."

"பின்ன இவ்ளோ பேரு என்னா, பரீட்ச எழுத நிக்கறாங்களா?"

அவர் மகளிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கினார். மற்ற அப்பாக்களும் தங்கள் தங்கள் பெட்டியைத் தொட்டார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மேசைக்கு அடியில் உட்கார்ந்து கற்கண்டு தின்றுகொண்டிருந்த ஜெனி, மெல்வதை நிறுத்திவிட்டு அம்மாவின் காலையே பார்த்தாள்.

அப்போது பெண்கள் வரிசையில் முதலில் நின்ற, வயிறு நிறைந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, இது கக்கூசோ, காலேஜோ, எனக்கு வேணாம். ரெண்டு மணி நேரமா அடக்கினு வரேன். எங்கதான் போவறது, நீங்களே சொல்லுங்க."

அக்கா அவளைப் பார்த்தாள். பெட்டியோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். பிறகு, ஒன்பது வருடம் ஐம்பது பிள்ளைகளை அதட்டிய குரல் வெளியே வந்தது.

"ஆம்பளைங்க எல்லாம் ஸ்டாண்டுக்குள்ள போங்க. இங்க உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க எல்லாம் எம் பின்னாடி வாங்க. மெதுவா ஏறும்மா, படி ஈரம்."

மாடிப்படியில் பெண்கள் ஏறினார்கள். கர்ப்பிணிப் பெண், அவளுக்குப் பின்னால் பிள்ளைக்காரிகள், அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தயங்கி, பெட்டியோடு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள். அவர்களும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர்கள்தானே.

கீழே அப்பாக்களும் நானும். மாமா சாமியாரை எதிர்க் கடைக்காரர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தப்பிக்க எனக்கு அவசரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

"நீதான் இஞ்சினியரா?" என்றார் துண்டுக்காரர்.

"இல்லீங்க. நான் கான்செப்ட்டு."

"அப்படின்னா?"

இரண்டு மாதமாக என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தேன். அது வெள்ளையாகப் பளபளத்தது.

மேலே வாளி நகர்கிற சத்தம், தண்ணீர் சத்தம், பிறகு பேச்சுச் சத்தம், பிறகு சிரிப்பு. அரை மணி நேரம் யாரும் இறங்கவில்லை. அப்பாக்கள் எங்களிடமிருந்த நாற்காலிகளில் உட்கார மறுத்து, வெயிலில் நின்றார்கள். கடைசியில் ஈரக் காலோடு துண்டுக்காரரின் மனைவி இறங்கி வந்தார். புருஷன் கையிலிருந்த பெட்டியை வாங்கி மகளிடம் திரும்பக் கொடுத்தார்.

"ஏய், இன்னா பண்ற?"

"உள்ள போயி தாப்பா போட்டேன். தாப்பா நிக்குது."

"தாப்பா நின்னா?"

"நின்னா நிக்குதுன்னு அர்த்தம். போன வருசம் ஒரு எடத்துல கொண்டாந்து வுட்டீங்களே, அங்க தாப்பா கெடையாது. தண்ணி ரொம்புன பக்கெட்ட கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு குளிச்சுதாம் நம்ம புள்ள. ஒரு வருசம். உங்ககிட்ட சொல்லுச்சா?"

துண்டுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நான் முதல் தடவையாக மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நாலு குளியலறை, நாலு கழிப்பறை. எல்லாக் கதவிலும் கனமான தாழ்ப்பாள், கதவைப் பிடித்து ஆட்டினாலும் அசையாதது. உடையை மாட்ட, ஈரம் படாத உயரத்தில் கொக்கி. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத உயரத்தில் ஜன்னல். உள்ளேயே விளக்கின் சுவிட்சு. மூடி போட்ட குப்பைக் கூடை, அதற்கு மேலே பழைய செய்தித்தாள் வைக்க ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொரு கதவுக்குள்ளும் அக்கா தானே நின்று, கையை நீட்டி நீட்டி அளந்து செய்யச் சொன்னதாகப் பிளம்பர் பிறகு சொன்னார். அந்தக் கட்டடத்தில் நான் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

ஐந்து பிள்ளைகள் அன்றைக்கே தங்கிவிட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் திரும்பிப் போனது. அக்கா திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே திருச்சிக்குப் போன் போட்டு, வேற ஆளப் பாத்துக்குங்கம்மா என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெனி அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன். "செத்த நேரம் எங் கண்ணு முன்னாடி வராதடா," என்றாள், ஜெனி எழுந்துவிடாத குரலில்.

சாமியார் நடுவில் வந்து மந்திரித்தார். மேலே எல்லா அறைக்கும் தீர்த்தம் தெளித்தார். கீழே படிப்பகத்தில் ஒவ்வொரு தடுப்பாகத் தெளித்துக்கொண்டே வந்து நாலாம் எண் கதவில் கை வைத்தார்.

"அங்க வேணாம் சாமி," என்றார் மாமா. "ஏற்கெனவே ஒருத்தரு தெளிச்சிட்டாரு."

செபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சாமியார் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

செடிகள் மத்தியானம் வந்தன. மறுநாள் வாஷ்பேசின்களையும் அறைக் கதவுகளையும் நானே கழற்றினேன். மீசையையும் கொண்டையையும் ஏழுமலை அண்ணன் உளியால் கொத்தி எடுத்தார். கொத்தும்போது, "அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன் தம்பி," என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கறுப்புச் சட்ட போட்டிருந்தியே," என்றார். டைல்ஸை எடுக்க முடியவில்லை. எடுத்தால் சுவரும் சேர்ந்து வரும் என்றார்கள். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தோம். பீங்கான் மெருகில் பெயிண்ட் நிற்காது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஐப்பசி மழையில் உரிந்து, மறுபடியும் வெள்ளை. அக்கா ஒரு அட்டையில் தன் கையாலேயே எழுதி மாட்டினாள்: இது கழிப்பறை இல்லை. எங்கள் கட்டடத்தின் முதல் பெயர்ப்பலகை அது.

அடுத்த வாரம் நான் ரயில் ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

ஆகிவிட்டது எட்டு வருடம். பன்னிரண்டு கட்டிலும் நிறைந்திருக்கிறது. இடம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறாள். அதற்குக் காரணம், அன்றைக்கு மேலே போய் வந்த பெண்கள் பஸ்ஸிலும் கல்யாணத்திலும் சொன்னதுதான். ஆனால் ஊருக்குள் அதன் பெயர் கக்கூஸ் ஆஸ்டல். ஆட்டோக்காரரிடம் வேறு எந்தப் பெயர் சொன்னாலும் புரியாது. முதல் வருடம் அக்கா அழுதாள். இப்போது போனில் வழி சொல்லும்போது அவளே, "ஆமாங்க, கக்கூஸ் ஆஸ்டலுன்னு கேளுங்க," என்கிறாள்.

வீட்டில் நடந்தது வேறு. விழா முடிந்த இரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு நடுவில் ஜெனி எழுந்து, "அம்மா, கான்செப்டு வருது," என்றாள். மாமா, பேசாத மாமா, சோற்றில் கை வைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. பயணம் கிளம்பும் முன் எல்லோரும் ஒருமுறை கான்செப்டு போய்விட்டு வருவார்கள். விடுதியில் பிள்ளைகள் காலையில் வரிசையில் நின்று, "கான்செப்டு காலியா இருக்குதா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். வேலை கிடைத்துச் சென்னைக்கும் கோவைக்கும் போன பிள்ளைகள் அந்தச் சொல்லையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை வந்து இறங்கினால், இப்போது ஒன்பதாவது படிக்கிற ஜெனி தோழிகளிடம் என்னைக் காட்டி, "இவருதான் கண்டுபுடிச்சாரு," என்கிறாள்.

போன மாதம் ஐதராபாத்தில் ஒரு கட்டடத்தில் சீலிங் வேலை. காலையிலிருந்து ஏணி மேல்தான். கழுத்து பிடித்துக்கொண்டு, கை மரத்துப்போன நேரத்தில், கீழே புதிதாக ஒருவர் வந்து நின்றார். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்து, "இங்கே கான்செப்ட் என்ன?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. இருந்த களைப்பில் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் மரியாதையாகவே சொன்னேன்:

"நேரா போயி லெஃப்ட்டுல திரும்புங்க, சார். தண்ணி இங்கயே புடிச்சுக்கினு போயிடுங்க."